புதிய டிவிடி வட்டியக்கியும் நான் பட்ட பாடும்

 

அண்மைய பள்ளி விடுமுறையில் பாடக்குறிப்பும் எழுதவில்லை, வீட்டையும் ஒழுங்குபடுத்தவில்லை. ஏறத்தாழ ஒன்பது நாள்கள் ஒரு டிவிடி வட்டியக்கியோடு மல்லுக்கட்டினேன். "இந்தக் காலத்தில் யார் டிவிடி பார்க்கிறார்கள்?" என்று என் கணவர் கேட்டார். கேள்வி நியாயமானதுதான். காணொளி என்றால் கைப்பேசி, பாடம் என்றால் இணையம் என்று ஆகிவிட்டது. என் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு வட்டைக் காட்டினால் "முகம் பார்க்கும் கண்ணாடியா, டீச்சர்?" என்கிறார்கள். ஆயினும் இந்த ஒன்பது நாள்கள் வீண் என்று எனக்குத் தோன்றவில்லை.

விடுமுறையின் முதல் நாள் மாலையில் என் பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். 2008ஆம் ஆண்டில் மூன்றாம் ஆண்டு வகுப்பில் என்னிடம் பயின்றவர். இப்போது ஷா ஆலாமில் பணி செய்கிறார். கையில் ஒரு பிஸ்கட் டின். அதற்குள் கைக்குட்டையில் சுற்றிய மூன்று சிறு வட்டுகள் இருந்தன. 8 சென்டிமீட்டர் குறுக்களவு கொண்ட அந்த வட்டுகளை உங்களில் சிலர் மறந்திருக்க மாட்டீர்கள். அப்போது ஒரு வகைப் படக்கருவி அந்தச் சிறு வட்டிலேயே நேரடியாகப் பதிவு செய்யும். ஒரு வட்டின் கொள்ளளவு 1.4 கிகாபைட், நடுத்தரத் தரத்தில் அரை மணி நேரம் பதிவு செய்யலாம்.

அவருடைய தந்தையார் கிள்ளான் துறைமுகத்தில் லோரி ஓட்டுநராக இருந்தவர். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டங்களில் கடைசி வரிசையில் அமர்ந்து ஒன்றும் பேசமாட்டார். நிகழ்ச்சி என்றால் மட்டும் படக்கருவியோடு முதல் வரிசைக்கு வந்துவிடுவார். 2021ஆம் ஆண்டில் பெருந்தொற்று அவரைக் கொண்டுபோய்விட்டது. படம் பிடித்தவர் ஆதலால் எந்தப் படத்திலும் அவர் இல்லை. நிழற்படங்களில் முகம் இருக்கிறது. குரல்தான் எங்கும் இல்லை. கைப்பேசியில் இருந்த குரல் பதிவுகளும் அந்தக் கைப்பேசியோடு போயின. "இந்தத் தட்டுல அப்பா குரல் இருக்கும் டீச்சர். பாட்டி கேக்கணும்னு சொல்றாங்க. அடுத்த மாசம் திதி" என்றார். வட்டுகளில் ஒன்றின் மேல் 'விளையாட்டு', இன்னொன்றின் மேல் 'பரிசு' என்று மைக்கோலால் எழுதியிருந்தது. மூன்றாவதில் ஒன்றும் எழுதவில்லை.

பாட்டி கிள்ளானில் அதே பழைய வீட்டில் இருக்கிறார். அவருக்குக் கைப்பேசியின் சிறு திரை ஒத்துவராது. தொலைக்காட்சியும் அதன் கீழே ஒரு பழைய டிவிடி இயக்கக் கருவியும்தான் அவருடைய உலகம். ஆகவே வேலை தெளிவாக இருந்தது: மூன்று சிறு வட்டுகளையும் ஒரே பெரிய வட்டில் சேர்த்துப் பதித்துத் தருவது. மூன்றும் சேர்ந்தால் 4.2 கிகாபைட், பெரிய வட்டு 4.7 கொள்ளும். கணக்கு சரியாக இருந்தது. "இரண்டு நாளில் தருகிறேன்" என்று வாக்களித்துவிட்டேன்.

ஒரு சொல்லைப் பற்றி இங்கே சொல்லிவிடுகிறேன். மறுநாள் அந்தப் பாட்டியைப் பார்க்கப் போனபோது வழக்கம்போல், "ஒண்ணும் கவலப்படாதீங்க பாட்டி, சீக்கிரமா எரிச்சுக் குடுத்துடுறேன்" என்று சொல்லிவிட்டேன். 'பர்ன்' என்பதை நாமெல்லாம் பல ஆண்டுகளாக அப்படித்தானே சொல்லி வருகிறோம்? பாட்டியின் முகம் மாறியது. பெருந்தொற்றின்போது மகனுடைய இறுதிச் சடங்கில் கலந்துகொள்ளக்கூட அவரை அனுமதிக்கவில்லை. அந்த வீட்டில் உச்சரிக்கக்கூடாத சொல் அது என்று எனக்குத் தோன்றவே இல்லை. அன்று முதல் 'பதித்தல்' என்றுதான் சொல்கிறேன். இங்கும் அப்படியே எழுதுகிறேன்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

என் மேசைக் கணினி 2010ஆம் ஆண்டில் வாங்கியது. அதன் வட்டியக்கியில் சிறு வட்டை இட்டேன். சுழன்றது, முனகியது, நின்றது. மூன்று வட்டுகளும் அவ்வாறே. பள்ளி அலமாரியில் கிடந்த பழைய பாட வட்டு ஒன்றை இட்டுப் பார்த்தேன். 2003ஆம் ஆண்டில் அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் கற்பிக்கத் தொடங்கியபோது மடிக்கணினியும் ஒளிப்பெருக்கியும் கூடவே கட்டுக் கட்டாகக் குறுவட்டுகளும் பள்ளிகளுக்கு வந்தனவே, அவற்றுள் ஒன்று. அது உடனே ஓடியது! குறுவட்டு ஓடுகிறது, டிவிடி ஓடவில்லை என்றால் பலர் வட்டின் மேல் பழி போடுவார்கள். உண்மையில் வட்டியக்கிக்குள் இரண்டு லேசர்கள் உண்டு. குறுவட்டைப் படிப்பது 780 நானோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு ஒளி. டிவிடியைப் படிப்பது 650 நானோமீட்டர் சிவப்பு ஒளி. ஒன்று தளர்ந்தாலும் மற்றொன்று வேலை செய்யும். என்னுடைய இயக்கியில் சிவப்பு தளர்ந்துவிட்டது.

கிள்ளானில் மூன்று கடைகளில் கேட்டேன். இரண்டில் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். பிறகு கொமுட்டர் இரயிலேறி கே.எல். சென்ட்ரல் போய், அங்கிருந்து மோனோரயிலில் புக்கிட் பிந்தாங் சென்று, லோ யாட் பிளாசாவில் மாடி மாடியாக ஏறி இறங்கினேன். கணினிக்கு உள்ளே பொருத்தும் டிவிடி எழுதி ஒன்று, தூசு படிந்த பெட்டியோடு, 75 வெள்ளிக்குக் கிடைத்தது. வெளியே செருகும் மெல்லிய வகை எளிதில் கிடைக்கிறது. ஆனால் அதற்கு யூ.எஸ்.பி. துளையின் வழியே வரும் மின்சாரம் மட்டுமே உணவு. என் பழைய கணினியின் துளைகள் தரும் மின்சாரம் பதிக்கும் நேரத்தில் போதாமல் போகுமோ என்ற அச்சத்தில் உட்பொருத்தும் வகையையே எடுத்தேன்.

பொருத்துவது எளிது. நான்கு திருகாணிகள், இரண்டு வடங்கள். முன்பெல்லாம் அகன்ற சாம்பல் நிறப் பட்டை வடமும், 'மாஸ்டர்', 'ஸ்லேவ்' என்று சிறு குச்சியை மாற்றிச் செருகும் தொல்லையும் இருந்தன. சாட்டா வடத்தில் அந்தத் தொல்லை இல்லை. பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு, ஆசிரியைக்குரிய பெருமிதத்தோடு கணினியை இயக்கினேன்.

வட்டியக்கியைக் காணவில்லை.

தட்டு திறக்கிறது, விளக்கு எரிகிறது, கணினி தொடங்கும்போது வரும் கறுப்புத் திரையில் பெயரும் தெரிகிறது. விண்டோஸ் மட்டும் அப்படியொன்று இல்லவே இல்லை என்றது. சாதன மேலாளரைத் திறந்தால் அதன் பெயருக்கருகில் மஞ்சள் முக்கோணமும் 19 என்ற பிழை எண்ணும் இருந்தன. சிலருக்கு 39 என்று வரும். கறுப்புத் திரையில் பெயர் வந்தாலே வடமும் மின்சாரமும் சரி, குற்றம் மென்பொருளில் என்று பொருள். பழைய இயக்கியைக் கழற்றும்போது, அதனோடு வந்த பதிக்கும் மென்பொருளையும் நீக்கியிருந்தேன். அது போகும்போது தன் மிச்சங்களை விண்டோஸ் பதிவகத்தில் விட்டுப் போயிருந்தது. 'அப்பர்ஃபில்டர்ஸ்', 'லோவர்ஃபில்டர்ஸ்' என்ற இரண்டு பதிவுகள். வீடு மாறிப் போனவர் வாசலில் தம் பூட்டை விட்டுப் போனதைப் போல. குறுவட்டு, டிவிடி வகைக்குரிய பகுதியில் உள்ள அவ்விரண்டையும் அழித்துவிட்டுக் கணினியை மறுபடி தொடக்கினால் இயக்கி தோன்றிவிடும். தோன்றியது. ஆனால் ஓர் எச்சரிக்கை: இதே பெயர்களில் விசைப்பலகைக்கும் வன்தட்டுக்கும் பதிவுகள் உண்டு. தவறான இடத்தில் கை வைத்தால் கணினியே எழாது. முதலில் பதிவகத்துக்கு ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

'விளையாட்டு' வட்டும் 'பரிசு' வட்டும் நன்றாகப் படித்தன. வெயிலில் ஓடும் பிள்ளைகள், பந்தல், தலைமையாசிரியரின் நீண்ட உரை. தந்தையாரின் குரல் இல்லை. இரண்டிலும் அவர் வாய் திறக்கவே இல்லை.

பெயர் எழுதாத மூன்றாவது வட்டை இட்டேன். சிறிது நேரம் சுழன்ற பின் விண்டோஸ் மிகப் பணிவாக ஒரு கேள்வி கேட்டது: இது வெற்று வட்டு, இதை எவ்வாறு பயன்படுத்த விரும்புகிறீர்கள்?

அந்தப் பெட்டியில் 'அடுத்து' என்ற பொத்தான் இருக்கும். அவசரத்தில் அதை அழுத்திப் பழகிய விரல்கள் நம்முடையவை. அன்று அழுத்தியிருந்தால் கணினி அந்த வட்டின் தொடக்கத்தில் தன் அமைப்பை எழுதத் தொடங்கியிருக்கும். என் விரல் ஏன் நின்றது என்று தெரியவில்லை. வட்டை வெளியே எடுத்து, குழல்விளக்கின் கீழே சாய்த்துப் பார்த்தேன். அடிப்பக்கம் ஊதா நிறம். ஆனால் எல்லா இடமும் ஒரே ஊதா இல்லை. நடுவிலிருந்து ஏறத்தாழ விளிம்புவரை சற்றுக் கருத்த ஒரு வளையம், அதற்கு அப்பால் வெளிறிய மெல்லிய பட்டை. பதிக்கப்பட்ட இடம் நிறம் மாறும். லேசரின் வெப்பம் சாயத்தை மாற்றுவதால்தான் பதிவே நிகழ்கிறது. கணினி என்ன சொன்னாலும் சரி, இந்த வட்டில் எவரோ எதையோ எழுதியிருக்கிறார்.

அந்தப் படக்கருவிகளில் பதிவு முடிந்ததும் 'ஃபைனலைஸ்' என்ற ஒரு வேலை செய்ய வேண்டும். வட்டின் தொடக்கத்தில் பொருளடக்கத்தை எழுதி, முடிவில் ஓர் எல்லைக்கோடு போட்டு, வட்டை மூடுவது அது. அதைச் செய்யாத வட்டை அந்தக் கருவி மட்டுமே அறியும். பொருளடக்கம் இருக்க வேண்டிய இடம் காலியாக இருப்பதால் மற்ற கணினிகள் நூலையே வெற்றுத்தாள் என்று எண்ணிவிடும். தந்தையார் மூன்றாவது வட்டை மூட மறந்திருக்கிறார். அல்லது மிச்சமிருந்த இரண்டு நிமிடத்தில் இன்னும் ஏதோ பிடிக்கலாம் என்று வைத்திருந்திருக்கிறார். கருவி இருந்தால் ஐந்து நிமிட வேலை. கருவி எப்போதோ பழுதாகித் தூக்கி எறியப்பட்டுவிட்டது.

இப்படிப்பட்ட வட்டுகளுக்கென்றே ஐசோபஸ்டர் என்றொரு மென்பொருள் உள்ளது. சில வசதிகளுக்குக் கட்டணம் உண்டு. பொருளடக்கத்தை நம்பாமல் வட்டை ஒவ்வொரு பகுதியாகத் தேடும். எல்லா வட்டியக்கியும் மூடாத வட்டைப் படிக்க ஒப்புக்கொள்ளாது என்றும் படித்திருந்தேன். அதனால் நெஞ்சு அடித்துக்கொண்டது. புதியது ஒப்புக்கொண்டது. நெடுநேரத் தேடலுக்குப் பின் 27 நிமிடக் காணொளி ஒன்று கிடைத்தது. வேறெதுவும் செய்யும் முன் அதை இரண்டு இடங்களில் நகல் எடுத்தேன். பிறகுதான் ஓடவிட்டுப் பார்த்தேன்.

2008ஆம் ஆண்டின் கதை சொல்லும் போட்டி. மேடையில் என் மாணவர், ஒன்பது வயது, தொளதொளத்த சட்டை. சிங்கமும் முயலும் கதை. கிணற்றருகில் வந்ததும் கதை நின்றுவிட்டது. பையன் விழிக்கிறான். படம் சற்று ஆடுகிறது. கருவிக்குப் பின்னாலிருந்து, மிக அருகில், ஒரு குரல்: "கெணத்துக்குள்ள எட்டிப் பாத்துச்சு... சொல்லு ஐயா. சத்தமா சொல்லு. பாட்டிக்குக் கேக்கணும்ல."

திரையின் ஓரத்தில் நீதிபதிகள் மேசை. அதில் நான். தாளில் ஏதோ எழுதுகிறேன். என்ன எழுதினேன் என்பது எனக்கு நினைவிருக்கிறது. பெற்றோர் இடையில் எடுத்துக்கொடுத்ததற்காக இரண்டு மதிப்பெண் குறைத்தேன்.

இனிப் பதிக்க வேண்டியதுதான் மிச்சம், அது எளிது என்று எண்ணினேன். தலைவலி அங்கேதான் தொடங்கியது.

வகுப்பறை அலமாரியில் 2009ஆம் ஆண்டில் வாங்கிய வெற்று வட்டுக் கட்டு ஒன்று பாதி மீதியிருந்தது. சிக்கனத்துக்குப் பெயர்போனவள் நான். முதல் வட்டு 93 விழுக்காட்டில் பிழை காட்டி நின்றது. இரண்டாவது 91. மூன்றாவது 94. தூசு படிந்த பெட்டியில் இருந்த வட்டியக்கிதானே, கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று முடிவுகட்டினேன். கோபத்தில் வடத்தை மாற்றினேன், மென்பொருளை மாற்றினேன், வேகத்தையும் குறைத்தேன், எல்லாவற்றையும் ஒரே நேரத்தில். நான்காவது வட்டு 100 விழுக்காடு பதிந்தது. ஆனால் பதிந்ததைச் சரிபார்க்கும் கட்டத்தில் கடைசிப் பகுதி படிக்கவில்லை. இப்போது எதனால் கொஞ்சம் மேம்பட்டது, எது இன்னும் குறை என்று ஒன்றும் விளங்கவில்லை.

வட்டியக்கியைத் திருப்பிக் கொடுக்கக் கிளம்பியவள், வழியில் பிரிக்பீல்ட்ஸில் இறங்கினேன். அங்கே ஒரு கடைவீட்டு மாடியில் பல ஆண்டுகளாகக் கணினி பழுதுபார்க்கும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். ஒரு காலத்தில் ஜாலான் துன் சம்பந்தனில் நடந்தால் கடைக்குக் கடை ஒலிநாடாவும் பட வட்டும் பாட்டும் காதை அடைக்கும். வட்டு என்றாலே பிரிக்பீல்ட்ஸ் என்றிருந்த காலம் அது. அண்ணன் என் புலம்பலைக் கேட்டுவிட்டு, "டீச்சர், எந்த எடத்துல நிக்குதுன்னு பாத்தீங்களா?" என்றார்.

"தொண்ணூறுக்கு மேல."

"மூணு தடவையும்?"

"மூணு தடவையும்."

"அப்ப வடம் இல்ல. வடம் சரியில்லன்னா ஒரு தடவ பத்துல நிக்கும், இன்னொரு தடவ அறுபதுல நிக்கும். ஒரே எடத்துல நிக்குதுன்னா தட்டப் பாருங்க." பிறகு சிரித்துக்கொண்டே, "நீங்க அறிவியல் சொல்லிக்குடுக்கிறவங்கதானே? எல்லாத்தையும் ஒரே நேரத்துல மாத்துனா எப்படி?" என்றார்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. ஒரு நேரத்தில் ஒரு மாறியை மட்டுமே மாற்ற வேண்டும், மற்றவை மாறாதிருக்க வேண்டும் என்று ஆண்டுதோறும் பலகையில் எழுதுபவள் நான். செடிக்கு நீரும் ஒளியும் ஒருசேரக் கூட்டிவிட்டு எதனால் வளர்ந்தது என்று எழுதிய மாணவனுக்குச் சிவப்பு மையால் கோடு போட்டிருக்கிறேன்.

வட்டு நடுவிலிருந்து விளிம்பை நோக்கிப் பதிக்கப்படுகிறது. டிவிடியில் ஒரு மடங்கு வேகம் என்பது நொடிக்கு ஏறத்தாழ 1.385 மெகாபைட். 16 மடங்கு என்று பெட்டியில் போட்டிருந்தாலும் அந்த வேகம் தொடக்கத்தில் இராது. உள்வட்டத்தில் ஆறு, ஏழு மடங்கில் தொடங்கி, வெளிவிளிம்பில்தான் 16ஐ எட்டும். அதாவது வேகம் மிகும் இடமும் விளிம்பு. வட்டின் சாயம் சீரில்லாதிருந்தால் முதலில் தெரியும் இடமும் விளிம்பு. சாயம் கரிமப்பொருள். வெப்பமும் வெளிச்சமும் அதைக் கெடுக்கும். எங்கள் அலமாரி சன்னலோரம் இருக்கிறது. நம் நாட்டு வெயிலும் ஈரக்காற்றும் பல ஆண்டுகளாக அந்தக் கட்டைப் பதம் பார்த்திருக்கின்றன. இன்னொன்றும் உண்டு. ஒவ்வொரு வட்டிலும் தயாரிப்புக் குறியீடு பதிந்திருக்கும். வட்டியக்கி அதைப் படித்து, அந்த வகைக்கு லேசரின் ஆற்றல் எவ்வளவு என்று தன் நினைவகத்திலுள்ள பட்டியலில் பார்க்கும். பட்டியலில் இல்லாத வட்டுக்குப் பொதுவான ஓர் அளவைக் கையாளும். பழைய இயக்கியோடு ஒத்துப்போன வட்டு புதியதோடு முரண்டு பிடிக்க இதுவும் ஒரு காரணம்.

அண்ணனிடமே புதிய வட்டுகள் பத்து வாங்கிக்கொண்டு வீடு திரும்பி, ஒரு பள்ளிப் பயிற்சிப் புத்தகத்தில் கட்டம் போட்டேன். பழைய வடத்தையே திரும்பப் பொருத்தி, வேகத்தையும் 16ஆகவே வைத்து, வட்டை மட்டும் மாற்றினேன். பதிந்தது, சரிபார்ப்பிலும் தேறியது. மறுபடி பழைய கட்டிலிருந்து ஒன்று, இம்முறை 8 மடங்கில். பதிந்தது, சரிபார்ப்பில் விளிம்பு தோற்றது. 4 மடங்கில் இரண்டு வட்டுகள். ஒன்று தேறியது, ஒன்று தோற்றது. வடமும் நிரபராதி, வட்டியக்கியும் நிரபராதி, லோ யாட் கடைக்காரரும் நிரபராதி. குற்றவாளி என் சிக்கனம்.

வேகத்தை எவ்வளவு குறைக்கிறோமோ அவ்வளவு நல்லது என்று சிலர் சொல்வார்கள். அது முழு உண்மையன்று. 16 மடங்குக்கென்று செய்த சாயம் மிகமிக மெதுவான பதிவில் தரம் குன்றுவதும் உண்டு. 8 மடங்கு நடுநிலையான தேர்வு என்பது என் அனுபவம். 'சரிபார்' என்ற கட்டத்தில் குறியிட மறவாதீர்கள். இம்ஜ்பர்ன் என்ற இலவச மென்பொருள் 2013ஆம் ஆண்டுக்குப் பின் புதுப்பிக்கப்படவில்லை என்றாலும், எந்த இடத்தில் ஏன் பிழை என்று சொல்வதில் இன்றும் உதவுகிறது.

நல்ல வட்டு வாங்குவதே இனிக் கடினம். பதிவு வட்டுகளுக்கு முன்னோடியான ஜப்பானிய நிறுவனமாகிய தைய்யோ யூடன் 2015ஆம் ஆண்டின் இறுதியோடு அத்தொழிலிலிருந்து விலகியது. சோனி நிறுவனம் பதிவு செய்யும் புளூ-ரே வட்டுகளின் உற்பத்தியை 2025 பிப்ரவரியில் நிறுத்தியது. வீட்டில் பதிவான சிறு வட்டு வைத்திருக்கும் பெற்றோர் இதை மனத்தில் கொள்ளுங்கள். படிக்கும் கருவியும் போய்க்கொண்டிருக்கிறது, வட்டும் போய்க்கொண்டிருக்கிறது.

மாணவர் படைப்புகளை வட்டில் சேமிக்கும் ஆசிரியர்களுக்கு இன்னொரு செய்தி. தமிழில் பெயரிட்ட கோப்புகளைப் பதிக்கும்போது 'ஐஎஸ்ஓ 9660' என்பதை மட்டும் தேர்ந்தெடுத்தால், அதன் விதிப்படி உரோமன் எழுத்தும் எண்ணும் கீழ்க்கோடும் தவிர வேறெதற்கும் இடமில்லை. தமிழ்ப் பெயர்கள் எல்லாம் கீழ்க்கோடுகளாகிவிடும். 'ஜோலியட்' யூனிகோடை ஏற்கும், ஆனால் 64 எழுத்து வரை. அதிலும் 'தமிழ்' என்னும் சொல்லை நாம் மூன்றெழுத்து என்போம். கணினி ஐந்தென்று எண்ணும், மெய்ப்புள்ளியும் உயிர்மெய்க் குறியும் தனித்தனி என்பதால். 'யூடிஎஃப்' முறையில் நெடிய பெயரும் தாங்கும். 2009ஆம் ஆண்டில் நான் பதித்த சிறுகதைத் தொகுப்பில் இன்று ஒரு பெயர்கூட இல்லை. 38 கோப்புகளும் கோடுகள்தான்.

ஏழாம் நாள் வட்டை எடுத்துக்கொண்டு பாட்டி வீட்டுக்குப் போனோம். கருவியில் இட்டோம். 'வட்டு இல்லை' என்றது! மாணவர் என்னைப் பார்த்தார், நான் சுவரைப் பார்த்தேன். என் கணினியில் ஓடிய அதே வட்டு. வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் விளங்கியது. பிரிக்பீல்ட்ஸில் வாங்கியவை கூட்டற்குறி வகை, அதாவது 'டிவிடி பிளஸ் ஆர்'. கழித்தற்குறி வகையாகிய 'டிவிடி மைனஸ் ஆர்' 1997ஆம் ஆண்டிலேயே வந்தது. கூட்டற்குறி வகை 2002இல்தான் வந்தது. பழைய இயக்கக் கருவிகள் சில முன்னதை மட்டுமே அறியும். கழித்தற்குறி வட்டைத் தேடி வாங்கி, 8 மடங்கில் பதித்து, மறவாமல் மூடி, ஒன்பதாம் நாள் மாலை மறுபடி போனோம்.

இம்முறை கருவி வட்டை ஏற்றுக்கொண்டது. பாட்டி நாற்காலியை ஒலிபெருக்கியின் பக்கத்தில் இழுத்துப் போடச் சொன்னார். கதைப் போட்டியை முதலில் வைத்திருந்தேன். பேரன் மேடையேறினான், சிங்கம் வந்தது, முயல் தாமதமாக வந்தது, கிணற்றருகில் கதை நின்றது.

குரல் வந்தது.

பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. சேலைத் தலைப்பை வாயருகே பிடித்துக்கொண்டார். "திருப்பி வையி" என்றார். வைத்தோம். மீண்டும் "திருப்பி வையி". நான்காம் முறை அவர் திரையையும் பார்த்தார். ஓரத்து மேசையை நோக்கி விரல் நீட்டினார்.

"அது யாரு, நீங்களா டீச்சர்?"

"நான்தான் பாட்டி."

"என்னா எழுதுறீங்க?"

சொன்னேன். வேறு வழியில்லை.

"ரெண்டு மார்க்கா?" என்றார் பாட்டி. "வீட்டுக்கு வந்து சொன்னான். என்னாலதாம்மா புள்ளைக்குப் பரிசு போச்சுன்னு ராத்திரியெல்லாம் தூங்கல." பிறகு பேரனிடம் திரும்பி, "டீச்சருக்குத் தேத்தண்ணி போட்டுக் குடு. சீனி கொஞ்சம் கொறச்சே போடு" என்றார்.